ஆயா போட்ட பி.எட். விண்ணப்பம்

அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் ஆயாவாகத்தான் சேர்ந்தேன். ஆர்டரில் தினக்கூலி மஸ்தூர் என்று போட்டிருக்கும், கூப்பிடுவது ஆயா. சின்ன வகுப்புப் பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, மதியச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்க வைப்பது, யாராவது வாந்தியெடுத்தால் மணல் போட்டு அள்ளுவது, இவைதான் வேலை. அஞ்சல் வழியில் படித்து வாங்கிய வரலாற்றுப் பட்டம் ஒன்று வீட்டு பீரோவில் துணிகளுக்கு அடியில் கிடந்தது. அதைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கு வயது முப்பத்தெட்டு. கணவருக்கு எங்கள் தீவின் ஹேடோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. மகள் பதினொன்றாம் வகுப்பு. கராச்சர்மாவில் வாடகை வீடு. காலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்துவிட்டால் அன்றைக்கு நல்ல நாள் என்று நினைத்துக்கொள்கிற வாழ்க்கை.

மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். ராஞ்சிக்காரக் குடும்பம், அப்பாவுக்குச் சாலை போடும் வேலை. பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. காதில் மாட்டும் கருவி வலியைத்தான் கொடுத்தது போலிருக்கிறது, வகுப்புக்குள் வந்ததும் கழற்றிப் பென்சில் டப்பாவில் போட்டு மூடிவிடுவாள். கடைசி பெஞ்சில் இருப்பாள். மற்றவர்கள் எழுந்தால் எழுவாள், உட்கார்ந்தால் உட்காருவாள். கரும்பலகையில் இருப்பதை அச்சு அசலாக நோட்டில் வரைவாள். வரைவாள் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் கோடுகள் எதையோ சொல்கின்றன என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

செவ்வாய்க்கிழமைகளில் அவளுக்காக ஒரு சிறப்பாசிரியை வருவார். மலையாளி; என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். ஐந்தாறு பள்ளிக்கூடங்களுக்கு அவர் ஒருவர்தான். எனக்கு வேலையில்லாத நேரத்தில் நானும் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். படங்களைக் காட்டி, கையால் சைகை செய்து, அப்புறம் எழுத்தைக் காட்டுவார். வாரம் ஒரு நாள் போதவில்லை என்று அவருக்கே தெரியும். ஒருநாள், "சேச்சி, அடுத்த செவ்வாய் வரைக்கும் இத தினமும் பத்து நிமிஷம் செய்யறீங்களா?" என்று படக்கட்டு ஒன்றை என் கையில் கொடுத்தார். நான் பத்து நிமிடத்தோடு நிறுத்தவில்லை.

வருடம் முடிவதற்குள் அவருக்குக் கேரளத்தில் வேலை கிடைத்துவிட்டது. போனார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை வந்ததும் அந்தப் பெண் பள்ளிக்கூட வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அதைப் பார்க்கச் சகிக்காமல், வகுப்பு டீச்சரிடம் கேட்டுக்கொண்டு, காலை மணி அடித்ததிலிருந்து சாப்பாட்டு மணி வரை கடைசி பெஞ்சில் அவள் பக்கத்திலேயே நான் உட்கார ஆரம்பித்தேன். டீச்சர் சொல்வதைச் சைகையாக்குவேன். தெரிந்த சைகை கொஞ்சம், போனில் வீடியோ பார்த்துக் கற்றது கொஞ்சம், மீதியெல்லாம் அவளும் நானும் சேர்ந்து உண்டாக்கியது. பட்டன், தீக்குச்சி, வாசலில் கிடக்கும் பிள்ளைகளின் செருப்பு, எதை வேண்டுமானாலும் வைத்துக் கணக்குச் சொன்னேன். இரண்டு மாதத்தில் அவள் நோட்டில் வரைவது நின்று எழுதுவது தொடங்கியது.

அப்போதுதான் அந்த இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. அதிகாரி வகுப்புக்குள் நுழைந்தார். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். கடைசி பெஞ்சில் நீலச் சேலை யூனிஃபார்மில் நான் நிற்பதைப் பார்த்து, "யே கோன் ஹை?" என்று தலைமையாசிரியையிடம் கேட்டார்.

"ஆயா சார்," என்றார் தலைமையாசிரியை.

"ஆயா படாத்தி ஹை க்யா?"

ஆயாவா பாடம் நடத்துகிறாள் என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தார். வகுப்பில் இரண்டு மூன்று பிள்ளைகளும் சிரித்தார்கள். காது கேட்காத அந்தப் பெண் மட்டும் எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு, என்ன விஷயம் என்று என்னிடம் கையால் கேட்டாள். எனக்குக் கை எழவில்லை.

மறுநாளே தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். தெலுங்குக்காரர், கறாரானவர், ஆனால் கெட்டவர் இல்லை. இனிமேல் வகுப்புக்குள் உட்கார வேண்டாம், வராண்டாவோடு இருந்துகொள் என்று ஹிந்தியில் சொன்னார். தகுதி இல்லாதவரைப் பாடம் நடத்த விட்டதாக எழுதிவிட்டால் அவருக்குத்தான் பதில் சொல்லும் பொறுப்பு. நான் சரி மேடம் என்று வந்துவிட்டேன்.

மூன்று வாரம் வராண்டாவில் இருந்தேன். முதல் வாரம் அந்தப் பெண் பாதி வகுப்பில் எழுந்து வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். டீச்சர் வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவார். இரண்டாவது வாரம் வெளியே வருவதை விட்டுவிட்டாள். மூன்றாவது வாரம் அவள் என்னை ஏறிட்டுப் பார்ப்பதையும் விட்டுவிட்டாள். அந்த மூன்றாவது வாரத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதிகாரி கேட்டது நியாயமான கேள்விதான் என்பது பஸ்ஸில் வரும்போது ஒருநாள் எனக்கு உறைத்தது. அவர் சிரித்தது தப்பு, கேள்வி தப்பில்லை. எனக்கு என்ன தகுதி? அந்தத் தகுதியை எங்கே கொடுக்கிறார்கள்? வீட்டுக்கு வந்ததும் மகளிடம் போனைக் கொடுத்துத் தேடச் சொன்னேன். தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்வி பி.எட். இருந்தது. இரண்டு வருடம், நேரில் போய்ப் படிக்க வேண்டும். செவித்திறன் குறைபாடு என்று தனிப் பிரிவே இருந்தது. எந்தப் பட்டமானாலும் பாதிக்கு மேல் மதிப்பெண் இருந்தால் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் பார்த்துவிட்டு நேர்காணல். வயது வரம்பு எதுவும் கண்ணில் படவில்லை. மகள் மேலும் கீழும் இரண்டு தடவை தேடிப் பார்த்துவிட்டு, "வயசே போடலம்மா," என்றாள்.

கணவர் குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன். அவர் மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தபடியே இருந்தார்.

"மேன்லேண்ட்லயா?"

"ஆமாங்க. ரெண்டு வருஷம். லீவுக்கு வந்துட்டுப் போலாம்."

"பாப்பாவுக்குப் பன்னண்டாவது வருதே."

"நான் பாத்துக்குவேம்ப்பா," என்றாள் மகள் அடுக்களையிலிருந்து.

"உன்ன யாரு கேட்டா," என்றவர், என்னைப் பார்த்தார். "அந்த ஆபீசர் சொன்னதுக்காகவா போற?"

யோசித்துத்தான் பதில் சொன்னேன். "மொதல்ல அதுக்குத்தான் போகணும்னு தோணுச்சு. இப்ப அப்படி இல்ல. அந்தப் புள்ளைக்கு நான் சொல்லிக் குடுக்கறது சரியா தப்பான்னே எனக்குத் தெரியலங்க. தெரிஞ்சுக்கணும்."

"அப்ப போடு," என்றார். "சோறு எனக்கு நல்லாவே வடிக்க வரும். குழம்புதான் கொஞ்சம் முன்னபின்ன இருக்கும். சாப்பிடறவங்க பாடு."

விண்ணப்பம் போடுவது என்றால் ஒரு பாரத்தை நிரப்பி அனுப்புவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். பட்டச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இரண்டும் இல்லாமல், என் பெயரிலேயே ஓர் எழுத்து கூடுதல். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் எழுதி வாங்கப் போனேன். அவர் மூன்று காகிதத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்து, "மூணு பேரும் வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எல்லாவற்றையும் மகள்தான் ஸ்கேன் செய்தாள். ஃபைல் பெரிதாக இருக்கிறது என்று கணினி திருப்பி அனுப்பும், சுருக்கினால் எழுத்து தெரியவில்லை என்று திருப்பி அனுப்பும். நெட் அறுந்து அறுந்து வரும். போட்டோவில் மட்டும் நான் முறைத்துக்கொண்டிருந்தேன். அது முதல் தடவையிலேயே ஏறிவிட்டது.

கடைசியாக ஒன்று மீதி நின்றது. சிறப்புக் குழந்தைகளோடு வேலை செய்த அனுபவம் இருந்தால் சான்றிதழ் இணைக்கவும் என்று போட்டிருந்தது. கட்டாயமில்லை. ஆனால் என்னிடம் சொல்லிக்கொள்ள அதைத் தவிர வேறு என்ன இருந்தது? தலைமையாசிரியையின் அறைக்குப் போனேன்.

"மஸ்தூருக்கு என்ன எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட்?" என்று ஹிந்தியில் கேட்டார். கோபமில்லை, ஆச்சரியம். "பிள்ளைகளைப் பாத்ரூம் கூட்டிப்போனதாக எழுதட்டுமா?"

நான் வகுப்பு டீச்சரிடம் கேட்டு வாங்கி வந்திருந்த அந்தப் பெண்ணின் கணக்கு நோட்டை மேசைமேல் வைத்தேன். அவர் பிரித்தார். முதலில் வரைந்த பக்கங்கள். அப்புறம் தப்புத் தப்பாகக் கணக்குப் போட்ட பக்கங்கள். அப்புறம் சரியாகப் போட்டவை, டீச்சரின் சிவப்பு டிக். பிறகு ஒரு தேதியிலிருந்து, மேலே டீச்சர் எழுதிய தேதியைத் தவிர வெறும் பக்கங்கள். ஒரு கோடுகூட இல்லை. அந்தத் தேதி எதுவென்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் அந்த வெற்றுப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். எத்தனை இருக்கின்றன என்று பார்ப்பது போலிருந்தது.

பிறகு பள்ளியின் பெயர் அச்சடித்த தாளை எடுத்து, டைப் செய்யக் கொடுக்காமல், தன் கையாலேயே எழுதினார். செவித்திறன் இல்லாத மாணவி ஒருத்திக்கு வகுப்பறையில் உதவினார், அதனால் அந்த மாணவியின் எழுத்தும் கணக்கும் முன்னேறின, அந்த உதவி நின்றபோது முன்னேற்றமும் நின்றது. உள்ளது உள்ளபடி. முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு, "கல் ஸே அந்தர் பைட்டோ," என்றார். நாளையிலிருந்து உள்ளே உட்கார். யாராவது கேட்டால் பதில் சொல்வது தன் வேலை என்றும் சொன்னார்.

மறுநாள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அந்தப் பெண் அரை மணி நேரம் என் பக்கம் திரும்பவே இல்லை. அப்புறம் பென்சிலைக் கூராக்கித் தரச் சொல்லி நீட்டினாள். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

நேர்காணல் ஆன்லைனில் என்று செய்தி வந்தது. கராச்சர்மா வீட்டில் மழை வந்தால் நெட் போய்விடும், அந்த வாரம் முழுக்க மழை. லம்பா லைன் பகுதியில் எனக்கு ஒரு சிநேகிதி உண்டு. அவர்கள் வீட்டு வழக்கப்படி, அக்கா என்பதற்கு லாத்தா என்று கூப்பிடுவேன். எங்கள் அப்பா ஊர்ப் பக்கத்துக்காரர், ராமநாதபுரம். அவர்கள் குடும்பம் பஜாரில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறது, வீட்டில் நல்ல இணைப்பு. "இங்க வந்து பேசு புள்ள, நான் கதவச் சாத்தி ஒருத்தரையும் விடமாட்டேன்," என்றார். காலையிலேயே போய்விட்டேன். லாத்தா தன் மகனுடைய மேசையைத் துடைத்து, பின்னால் வெள்ளைப் போர்வை கட்டி, குக்கர் சத்தம் வரக்கூடாதென்று அடுப்பைக்கூட அணைத்து வைத்திருந்தார். எல்லாம் யோசித்தோம். விமான நிலையம் பக்கத்தில் இருப்பதை மட்டும் இருவரும் மறந்துபோனோம்.

திரையில் மூன்று பேர் தெரிந்தார்கள். நடுவில் ஒரு பேராசிரியை; பேச்சில் அவர்தான் தலைவர் என்று தெரிந்தது. ஒரு பக்கம் ஒரு சார், தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு பக்கம் நரைத்த தாடியோடு ஒருவர், பேசவே இல்லை. அவர் பார்வை அடிக்கடி கேமராவுக்கு வெளியே யாரையோ பார்த்தது. அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று முதல் நிமிடத்திலேயே முடிவு செய்துகொண்டேன்.

முதலில் ஆங்கிலத்தில் கேட்டார்கள். தடுமாறினேன். பட்டம் வாங்கி ஏன் இத்தனை வருடம் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டார் தாள் புரட்டியவர். சும்மா இருக்கவில்லை, வேலை செய்துகொண்டிருந்தேன் என்றேன். அது திமிராகக் கேட்டுவிட்டதோ என்று பயம். பேராசிரியை தமிழுக்கு மாறினார்.

"சரிம்மா, தமிழ்லயே சொல்லுங்க. காது கேட்காத குழந்தை. பூனை, நாற்காலின்னா காட்டிடலாம். நேத்து, நாளைங்கறத எப்படிச் சொல்லிக் குடுப்பீங்க?"

எனக்கு மூச்சு வந்தது. அது நான் செய்த வேலை. "மேடம், எங்க ஸ்கூல்ல சில நாள் மதியச் சாப்பாட்டுல முட்டை போடுவாங்க," என்று ஆரம்பித்தேன். அப்போதுதான் விமானம் கிளம்பியது.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. திரையில் பேராசிரியை காதோரம் கையை வைத்து, கேட்கவில்லை என்று தலையாட்டினார். நிறுத்திக் காத்திருந்திருக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை. கேட்காதவரிடம் பேசும் பழக்கம்தான் கைக்கு வந்தது. கையில் இருந்த தாளில் மூன்று கட்டம் போட்டேன். முதல் கட்டத்தில் வெறும் சோறு, நடுவில் சாம்பார் வாளி, மூன்றாவதில் ஒரு முட்டை. தாளைக் கேமரா முன் பிடித்தேன். முதல் கட்டத்தைத் தொட்டு, தோளுக்குப் பின்னால் கையை வீசினேன்: போய்விட்டது. நடுக்கட்டத்தைத் தொட்டு, தரையைக் காட்டினேன்: இன்றைக்கு. மூன்றாவதைத் தொட்டு, கையை முன்னால் நீட்டி, தலையணையில் தலை வைத்துத் தூங்கி எழுந்து, முட்டையை உரித்துச் சாப்பிட்டேன். பிறகு அந்தப் பெண் மாதிரி ஆனேன். நம்பாமல் உதட்டைப் பிதுக்கினேன். தூங்கி எழுந்தேன். தட்டைப் பார்த்தேன். முட்டை. அன்றைக்கு அவள் கண்ணை எப்படி விரித்தாளோ அப்படி விரித்து, அவள் செய்த மாதிரியே மூன்றாவது கட்டத்தைத் திரும்பத் திரும்பத் தட்டினேன்.

விமானச் சத்தம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. கையை இறக்கியபோது அறை அமைதியாக இருந்தது. தாடிக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கைகளை உயர்த்தினார். வேகமான, அழகான சைகைகள். கேமராவுக்கு வெளியேயிருந்து ஒரு பெண் குரல் அவருக்காகப் பேசியது. அவருக்கும் காது கேட்காது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"முட்டைக்கு நீங்க போட்ட சைகையை எங்க கத்துக்கிட்டீங்கன்னு சார் கேக்கறாங்க."

"கத்துக்கல சார். நானும் அந்தப் புள்ளையும் சேந்து வச்சுக்கிட்டது."

"நாங்க யாரும் அப்படிச் சொல்றதில்ல. அது உங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் புரியும். நாளைக்கு அந்தப் பொண்ணு வேற காது கேட்காதவங்ககிட்டப் பேசினா என்ன ஆகும்?"

மறைக்க ஒன்றுமில்லை. "பேச முடியாது சார். அது எனக்கும் தெரியும். தெரிஞ்சதனாலதான் விண்ணப்பம் போட்டேன். தப்ப வச்சுக்கிட்டு இன்னும் எத்தன வருஷம் சொல்லிக் குடுக்கறது. நீங்க திருத்துங்க."

அந்தக் குரல் பேசி முடிக்கும்வரை அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, விரல்களை விரித்து அசைத்தார். அது காது கேட்காதவர்கள் கை தட்டும் முறை என்று எனக்கு வீடியோ பார்த்துத் தெரியும். மொழிபெயர்க்கும் குரல் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை.

வெளியே வந்தபோது லாத்தா கதவுக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டுக் காவல் இருந்தார். "பிளேன்காரன் கெடுத்துட்டானே புள்ள," என்றார் அழாத குறையாக. நான் சிரித்ததைப் பார்த்து அவருக்கு ஒன்றும் புரியவில்லை. முழுக்கச் சொன்ன பிறகு எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தார். அன்றைக்கு அந்த வீட்டில் நான் சாப்பிட்ட சோற்றுக்குக் கணக்கே இல்லை.

இரண்டு வாரம் கழித்துப் பட்டியல் வந்தது. பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் போன் செய்து, "அம்மா, செலக்டட்," என்று மட்டும் சொன்னாள். தலைமையாசிரியையிடம் ஓடினேன். அவர் என் போனை வாங்கி, மகள் அனுப்பியிருந்த படத்தில் என் பெயரைக் கண்டுபிடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். பிறகு ஆசிரியர் அறைக்கு என்னைக் கூட்டிப்போய், அங்கே இருந்த எல்லோரிடமும், "நம்ம மேடம் பி.எட். போகிறார்," என்றார். அந்தச் சொல்லை அவர் எனக்கு அதற்கு முன் உபயோகித்ததில்லை.

அந்தப் பெண்ணிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. நான் பள்ளிக்கூடம் போகிறேன், கப்பலில், தூரம், உனக்காகக் கற்றுக்கொள்ள என்று சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: இந்த பெஞ்சில் யார்? சேர்வதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அந்த ஒரு மாதமும், டீச்சரின் அனுமதியோடு, காலையில் பத்து நிமிடம் முழு வகுப்புக்கும் சைகை சொல்லிக் கொடுத்தேன். இந்தத் தடவை எங்கள் சொந்தச் சைகை இல்லை. வீடியோவில் பார்த்துச் சரிபார்த்தவை. பெங்காலிப் பிள்ளைகள், தெலுங்குப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் இரண்டே வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள். டீச்சருக்குத் தெரியாமல் வகுப்பில் பேச இதைவிட நல்ல வழி ஏது? ஒரு பெங்காலிப் பெண் தன் பையைத் தூக்கிக்கொண்டு தானாகவே கடைசி பெஞ்சுக்குக் குடிவந்தாள். நான் கிளம்பும் வாரத்தில் என்னைக் கவனிக்க அந்தப் பெண்ணுக்கு நேரமே இல்லை, அவ்வளவு பேச்சு.

கப்பலில் போனேன். ஹேடோவில் கணவர் வேலை நேரத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு ஜெட்டிக்கு வந்து, கப்பலில் ஏறி, பெட்டியைப் படுக்கையடியில் தள்ளி வைத்துவிட்டு, "நல்லா படி," என்றார், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்புகிறவர் மாதிரி.

பல்கலைக்கழகத்தில் சேர்க்கை நடந்த அறைக்கு வெளியே நீண்ட வரிசை. என் முன்னாலும் பின்னாலும் என் மகளைவிட நாலைந்து வயதே கூடிய பிள்ளைகள், அவர்களோடு அப்பா அம்மாக்கள். என் முறை வந்ததும் மேசைக்குப் பின்னால் இருந்தவர் என்னைப் பார்த்து, "பேரண்ட்ஸ் அந்தப் பக்கம் உக்காருங்கம்மா. ஸ்டூடன்ட்ட வரச் சொல்லுங்க," என்றார்.

"நான்தான் சார் ஸ்டூடன்ட்," என்றேன்.

அவர் தாளைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். பிறகு பதிவேட்டை என் பக்கம் திருப்பி, பேனாவையும் மூடி கழற்றிக் கொடுத்தார். பின்னால் நின்ற பெண்ணின் அம்மா என் பெட்டியைத் தன் காலருகே இழுத்து வைத்துக்கொண்டு, "நிதானமா போடுங்க, நான் பாத்துக்கறேன்," என்றார். நிதானமாகத்தான் கையெழுத்துப் போட்டேன்.